டிவி சிக்னலில் வரும் நேரத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது: எது தகராறு செய்தால் எங்கே பார்ப்பது

தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் மாடி வீட்டு மாமியிடம் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. உள்ளே ஒரு பிசிஐ ட்யூனர் கார்டு, மொட்டைமாடியில் ஃப்ரீ டிஷ் தட்டு, லினக்ஸ், பதிவு செய்ய டிவிஹெட்எண்ட். அதற்கு வேலை ஒன்றுதான், டிடி தமிழில் காலையில் வரும் பாட்டைப் பதிவு செய்து வைப்பது. (2024 ஜனவரியில் பெயர் மாறியாயிற்று, மாமிக்கு அது இன்னும் பொதிகைதான்.) வீட்டில் இன்டர்நெட் கிடையாது, வேண்டவும் வேண்டாம் என்பார். இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டரின் கடிகாரத்தை யாரும் திருத்துவதில்லை. அது நாளுக்கு இரண்டு வினாடி வீதம் நழுவி மாதக் கடைசியில் ஒரு நிமிடம் தள்ளி நிற்கும், மதர்போர்டு செல்லும் தீர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "ஏம்ப்பா, தினமும் பல்லவியே கிடைக்க மாட்டேங்கறது, அனுபல்லவிலேர்ந்துதான் வர்றது" என்று மாமி சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

மாதம் ஒரு தடவை என் மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் முடிந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நான் ஊருக்குப் போய்விட்டால்? தட்டில்தான் நேரமும் வருகிறதே, அதையே எடுத்துக் கொடுப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன், எழுந்திருக்க மூன்று மாதமாயிற்று. வழியில் பட்ட பாடுகளை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போகலாம், ஆனால் அடுத்த மூன்று பத்தியை மட்டும் தாண்டாதீர்கள்.

டிஜிட்டல் டிவி சிக்னலில் படமும் ஒலியும் போக சின்னச் சின்ன அட்டவணைகளும் வந்துகொண்டே இருக்கும். அதில் ஒன்று டிடிடி, தேதியும் நேரமும் கொண்டது. சிக்னலில் வரும் ஒவ்வொரு வகைப் பாக்கெட்டுக்கும் பிஐடி என்று ஒரு எண் உண்டு, நேரத்துக்கான எண் 20, ஹெக்ஸில் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாக வைத்து எண்ணும் முறை) எழுதினால் 14. டிஷ்ஷோ கேபிளோ ஆன்டெனாவோ, டிவிபி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறை என்றால் இதே எண்தான். 30 வினாடிக்கு ஒரு தடவையாவது அனுப்ப வேண்டும் என்பது விதி. கூடவே டிஓடி என்று இன்னொன்று வரலாம், அதில் உள்ளூர் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதும் இருக்கும், நமக்கு 05:30.

நேரத்துக்கு மொத்தம் ஐந்து பைட்தான். முதல் இரண்டும் நாள் எண், 1858 நவம்பர் 17-இலிருந்து எண்ணியது. அடுத்த மூன்றும் மணி, நிமிடம், வினாடி. 2025 மே 21 அன்று மாமி வீட்டில் டிவிபிஸ்னூப் (சிக்னலுக்குள் எட்டிப் பார்க்கும் கருவி) போட்டு நான் பார்த்த ஐந்து பைட்: ஈடி 90 11 42 30. கடைசி மூன்றை அப்படியே படித்துவிடலாம், 11:42:30 யுடிசி, ஐந்தரை மணி நேரம் கூட்டினால் மாலை 5:12:30. ஈடி 90 என்பதைத் தசமத்துக்கு மாற்றினால் 60816. அதில் 40587-ஐக் கழித்தால் 20229, அதாவது 1970 ஜனவரி 1-இலிருந்து அத்தனை நாள், கணக்குப் போட்டால் சரியாக மே 21-இல் வந்து நிற்கும். (நாள் எண்ணுக்கு இரண்டே பைட் என்பதால் 2038 ஏப்ரல் 22-உடன் இந்தக் கணக்கு தீர்ந்துவிடும். மாமியின் டெஸ்க்டாப் அதுவரை இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.)

இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. அனுப்புகிற இடத்தில் சேனல்களையெல்லாம் ஒரே சிக்னலாகச் சேர்க்கும் மல்டிபிளெக்ஸர் என்று ஒரு பெட்டி இருக்கும், அந்தப் பெட்டியின் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்கு வரும். யாராவது அதைச் சரியாக வைத்திருந்தால் சரி, இல்லாவிட்டால் தப்பு. எது என்று சிக்னல் சொல்லாது. அதனால் கீழே எதைச் செய்வதற்கு முன்னாலும் அந்த ஐந்து பைட்டையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

நேரம் கிடைக்கவில்லை என்கிறது

டிவிபிடேட் என்று டிவிபி-ஆப்ஸ் தொகுப்பில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது, வேலை இதற்கென்றே. அதை ஓட்டினால் கொஞ்ச நேரம் மௌனமாக நின்றுவிட்டு, மல்டிபிளெக்ஸிலிருந்து நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லி வெளியே வந்துவிடும். என் அனுபவத்தில் இதற்கு முதல் காரணம் படு சாதாரணமானது. டிவிபிடேட் தானாக எந்தச் சேனலுக்கும் ட்யூன் செய்யாது. இன்னொரு டெர்மினலில் ட்யூன் செய்யும் கருவியான எஸ்ஸாப்போ டிவிபிவி5-ஸாப்போ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதில் சிக்னல் பிடிபட்டதற்கு அடையாளமாக லாக் லாக் என்று வரி வந்துகொண்டிருக்கும்போதே இதைக் கூப்பிட வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், லாக் ஆனதைப் பார்த்துவிட்டு நல்ல பிள்ளையாகக் கன்ட்ரோல்-சி அழுத்தி அதை மூடிவிட்டு, பிறகு டிவிபிடேட்டை ஓட்டினேன். மூடியதும் ட்யூனர் தூங்கிவிடுகிறது. அரை நாள் இப்படியே போயிற்று.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு: ட்யூனர் பிஸி என்று வரும். டிவிஹெட்எண்ட் மாதிரி ஏதாவது ஒன்று கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே கார்டை வைத்துக்கொண்டு இரண்டையும் ஓட்ட வேண்டாம், டிவிஹெட்எண்டுக்குள்ளேயே நேரம் எடுக்கும் வசதி இருக்கிறது, கீழே வருகிறேன்.

லாக்கே ஆகவில்லை என்றால் மாடிக்குப் போங்கள். மேலே சொன்ன அதே மே 21 சாயங்காலம் தில்லியில் ஆந்தியும் (புழுதிப் புயல்) ஆலங்கட்டி மழையும் அடித்தது ஞாபகம் இருக்கலாம். மறுநாள் மாமி வீட்டில் சிக்னல் பூஜ்யம். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் தட்டு கம்பத்தோடு சேர்ந்து இரண்டு மூன்று டிகிரி திரும்பியிருந்தது, அறுபது சென்டிமீட்டர் தட்டுக்கு அது போதும். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 இருப்பது கிழக்கு 93.5 டிகிரியில், தில்லியிலிருந்து பார்த்தால் நேர் தெற்கிலிருந்து கிழக்குப் பக்கம் ஏறத்தாழ 30 டிகிரி. மொபைலில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இம்மி இம்மியாகத் திருப்பினால் வந்துவிடும், கீழே ஒருவர் சிக்னலைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். புயல் அடிக்காத நாளில் குரங்கு வந்து உட்கார்ந்தாலும் இதே கதிதான். தட்டின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பியின் கனெக்டருக்குள் மழைத்தண்ணீர் இறங்கி உள்கம்பி பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

தட்டு இல்லாமல் சின்ன யூஎஸ்பி ட்யூனரும் ஜன்னலோர ஆன்டெனாவும் போதும் என்று சிலர் முயற்சி செய்வார்கள், நானும் செய்தேன், லஜ்பத் ராய் மார்க்கெட்டில் வாங்கிய மலிவுச் சாமான். மூன்று நாள் தேடியும் ஒரு சேனல்கூட வரவில்லை. தப்பு ஆன்டெனாவில் இல்லை. தூர்தர்ஷன் 2016-இல் தில்லி உட்பட 16 நகரங்களில் ஆரம்பித்த தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு டிவிபி-டி2 முறையில் வருகிறது. கடைகளில் கிடைக்கும் ஆர்டிஎல்2832யூ சிப் போட்ட யூஎஸ்பி ட்யூனர்களில் பெரும்பாலானவை பழைய டிவிபி-டியை மட்டும்தான் படிக்கும். பெட்டியின் மேல் டி2 என்று தெளிவாகப் போட்டிருந்தால் ஒழிய பீதம்புரா டவருக்கு அடியிலேயே போய் உட்கார்ந்தாலும் பிரயோஜனமில்லை. டெலிடெக்ஸ்ட் வரியிலிருந்து நேரம் எடுப்பது எப்படி என்று பழைய குறிப்புகள் கண்ணில் பட்டால் அவற்றையும் விட்டுவிடுங்கள். அது அனலாக் காலத்துச் சமாசாரம், இங்கே அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் 2022 மார்ச்சோடு பெரும்பாலும் அணைந்துவிட்டன.

படம் நன்றாக வருகிறது, நேரம் மட்டும் வரவில்லை

டிவிபிஸ்னூப்பில் பிஐடி 20-ஐ ஒரு நிமிடம் முழுதாகக் கவனியுங்கள். ஒன்றுமே வராவிட்டால் அந்த ட்ரான்ஸ்பாண்டரில் (சாட்டிலைட்டிலிருந்து ஒரு கொத்துச் சேனல்களைச் சுமந்து வரும் அலைவரிசை) நேரம் அனுப்பவில்லை என்று பொருள், உங்கள் பக்கம் கோளாறு இல்லை. வேறு ட்ரான்ஸ்பாண்டருக்கு மாறுங்கள். வந்தும் டிவிபிடேட் கைவிடுகிறது என்றால் அதன் டைம்அவுட்டைக் கூட்டிப் பாருங்கள்.

வித்தியாசம் 30 நிமிடத்துக்கு மேல் என்று சொல்லி மறுக்கிறது

இது பிழை இல்லை, பாதுகாப்பு. சிக்னலின் நேரமும் கம்ப்யூட்டரின் நேரமும் அரை மணிக்கு மேல் விலகியிருந்தால் டிவிபிடேட் கை வைக்காது, வேண்டுமானால் -எஃப் போட்டு வற்புறுத்து என்று அதுவே சொல்லும். உடனே -எஃப் போடத்தான் கை போகும். பொறுங்கள். இரண்டில் யார் தப்பு?

கம்ப்யூட்டர் தப்பு என்றால் பெரும்பாலும் தேதி பல வருடம் பின்னால் இருக்கும், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் தீர்ந்திருக்கும். செல்லை மாற்றிவிட்டு ஒரே ஒரு தடவை -எஃப் போட்டால் போதும். ராஸ்பெரி பை மாதிரி பலகைகளில் (5-ஆவது மாடலுக்கு முந்தையவை) கடிகாரச் சிப்பே கிடையாது, அணைத்தபோது இருந்த நேரத்தை ஒரு ஃபைலில் எழுதி வைத்து அங்கிருந்து தொடரும். ஒரு மணி நேரம் மின்சாரம் போனாலே அரை மணி வரம்பைத் தாண்டிவிடும். அங்கே பூட் ஆகும்போது ஒரு தடவை -எஃப் தவிர்க்க முடியாது.

செய்யக் கூடாதது, -எஃப்-ஐ க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டுவிட்டுத் தூங்கப் போவது. முனிர்காவில் ஒரு நண்பன் வீட்டில் கேபிள் சிக்னலை வைத்து நான் இதைச் செய்தேன். ஒரு ராத்திரி கேபிள்காரர் பக்கம் பெட்டியை அணைத்துப் போட்டிருக்கிறார்கள், அது 2000 ஜனவரி 1 என்று எழுந்திருக்கிறது, நம்ம கம்ப்யூட்டரும் பணிவாக 2000-க்குப் போய்விட்டது. இனி கால் நூற்றாண்டுக்கு எந்தப் பதிவும் தொடங்காது. இப்போது என் ஸ்கிரிப்ட், கடைசியாகச் சரியாக இருந்த நேரத்தை ஒரு ஃபைலில் வைத்துக்கொள்கிறது, புதிதாக வரும் நேரம் அதற்கு முந்தையதாக இருந்தால் தொடவே தொடாது.

சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கிறது

நம்ம நாட்டுக்கே உரிய வியாதி. மூன்று இடத்திலிருந்து வரலாம், மருந்து மூன்றுக்கும் வேறு வேறு, அதனால் முதலில் டேட் கட்டளையை -யூ சேர்த்து ஓட்டி யுடிசியைப் பாருங்கள், பக்கத்தில் அந்த ஐந்து பைட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பைட்டில் இருப்பது நம்ம நேரமே என்றால், அதாவது சாயங்காலம் ஐந்து மணிக்கு 11 என்று வர வேண்டிய இடத்தில் 17 என்று வந்தால், அனுப்புகிறவர் யுடிசி போட வேண்டிய இடத்தில் ஐஎஸ்டியைப் போட்டிருக்கிறார். முனிர்கா கேபிளில் இதுவும் இருந்தது. டிஓடியைப் பார்த்தால் அங்கே 05:30-க்குப் பதில் 00:00, இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டி செட்டாப் பாக்ஸில் நேரம் சரியாகத் தெரிகிறது, அதனால் யாரும் புகார் சொல்வதில்லை. கம்ப்யூட்டர் மட்டும் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். இதற்காக உங்கள் டைம்ஸோனை யுடிசி என்று மாற்றிவிடாதீர்கள், ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. கேபிள்காரர் என்றாவது ஒருநாள் திருத்தினால் அன்று நீங்கள் ஐந்தரை மணி பின்னால் விழுவீர்கள். வேறு ட்ரான்ஸ்பாண்டரில் சரியாக வந்தால் அதை எடுங்கள். எல்லாவற்றிலும் இப்படித்தான் என்றால் ஸ்கிரிப்டில் 19800 வினாடியைக் கழியுங்கள், ஆனால் கழிப்பதற்கு முன் டிஓடியில் 00:00 இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பைட்டும் சரி, டேட் -யூ காட்டுவதும் சரி, திரையில் மட்டும் ஐந்தரை மணி பின்னால் என்றால் கம்ப்யூட்டரில் டைம்ஸோன் வைக்கவில்லை. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் ஆசியா/கொல்கத்தா என்று வையுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, பூட் ஆனதும் தப்பாக இருந்து டிவி நேரம் வந்ததும் சரியாவது. அதே கம்ப்யூட்டரில் விண்டோஸும் இருக்கிறதா? விண்டோஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை யுடிசி என்று எடுத்துக்கொள்ளும், உடனே ஐந்தரை மணி முன்னால் போய்விடும். ஒரே வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் மாதிரி. இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டு வாருங்கள். விண்டோஸை எப்போதாவதுதான் திறப்பீர்கள் என்றால் அதையே யுடிசிக்கு மாற்றுவது நல்லது.

இரவு சரி, காலையில் மறுபடி தப்பு

சிஸ்டம் கடிகாரம் வேறு, மதர்போர்டுக் கடிகாரம் வேறு. முதலாவதைத் திருத்திய கையோடு ஹெச்டபிள்யூக்ளாக் கட்டளையை -டபிள்யூ சேர்த்து ஓட்டி இரண்டாவதிலும் எழுதுங்கள். எழுதியும் நிற்காவிட்டால் செல்.

டிவிஹெட்எண்டில் டிக் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை

அதன் பொது அமைப்புகளில் சிஸ்டம் நேரத்தைப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறது. டிக் போட்டால் மட்டும் போதாது, டிவிஹெட்எண்ட் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அவருக்குக் கடிகாரத்தை மாற்ற உரிமை வேண்டும், சாதாரணமாக அது ரூட் என்ற தலைமைப் பயனருக்கு மட்டும்தான். டிவிஹெட்எண்டோ தனக்கென்று உருவாக்கிய பயனராக ஓடுகிறது, அதனால் முயற்சி செய்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். அப்புறம் சகிப்பு அளவு என்று ஒரு கட்டம், மில்லிசெகண்டில், முன்னிருப்பு 5000. ஐந்து வினாடிக்குள் விலகல் என்றால் அது திருத்தாது, அதையும் கோளாறு என்று நினைத்து நான் ஒரு மாலை வீணாக்கினேன். ரூட்டாக ஓட்டப் பிடிக்காவிட்டால் என்டிபி டிரைவர் என்று இன்னொரு டிக் இருக்கிறது, நேரத்தைப் பகிர்நினைவகம் வழியாக, கடிகாரத்தைத் திருத்தும் நிரலான என்டிபிடிக்குக் கொடுக்கும். துல்லியம் சுமார்தான், ஆனால் கடிகாரத்தை வெடுக்கென்று குதிக்கவிடாமல் மெல்ல நகர்த்தும். மாமி வீட்டில் கடைசியில் நிலைத்தது இதுதான்.

டிவிபி-ஆப்ஸ் கம்பைல் ஆகவில்லை

எஸ்டைம் என்ற பெயர் தெரியவில்லை என்று நின்றால், அந்தப் பழைய ஃபங்ஷனை 2020-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.31-இலிருந்து எடுத்துவிட்டார்கள். டிவிபிடேட்டின் மூலநிரலில் அந்த வரியைக் க்ளாக்_செட்டைமுக்கு மாற்றினால் ஓடும். கம்பைல் ஆகியும் அனுமதி மறுப்பு என்றால் ரூட் உரிமை தரும் சூடோவை நீங்கள் போடவில்லை.

எல்லாம் சரி, ஆனால் சில வினாடியோ நிமிடமோ ஒட்டவில்லை

எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். "கம்ப்யூட்டர் அஞ்சு நிமிஷம் பின்னாடி இருக்கே" என்று மாமி ஒருநாள் சொன்னார், நான் ஒரு மணி நேரம் தேடினேன். "எதைப் பார்த்துச் சொல்றேள் மாமி?" என்றதும் ஹால் சுவர்க்கடிகாரத்தைக் காட்டினார். மாமா ஆபீஸ் போன காலத்திலிருந்தே அதை ஐந்து நிமிடம் கூட்டித்தான் வைப்பார்களாம்.

டிவித் திரையில் செய்திச் சேனல் ஓரத்தில் ஓடும் கடிகாரத்தோடும் ஒப்பிடாதீர்கள். படத்தைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் சில வினாடி போய்விடும். டிடிடியை மல்டிபிளெக்ஸர் கடைசிக் கட்டத்தில்தான் செருகுகிறது, அதனால் அந்தத் தாமதம் அதற்கு இல்லை. சிக்னல் 36,000 கிலோமீட்டர் மேலே போய் இறங்குவதற்கு ஆகும் கால் வினாடி மட்டும் நிச்சயம் சேரும், அதைத் தவிர்க்க முடியாது, அட்டவணையே முழு வினாடிக் கணக்கில்தான் வருகிறது என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். நான் ஒப்பிட்டது என் லேப்டாப்போடு, அது தேசிய இயற்பியல் ஆய்வகம் இன்டர்நெட்டில் நேரம் தரும் என்டிபி சர்வரைப் பார்த்து ஓடுகிறது. இந்திய நேரத்தைக் காப்பதே அவர்கள்தான், இதே தில்லியில் பூசாவில் இருக்கிறார்கள். மாமி வீட்டுக்கு மட்டும் நேரம் விண்வெளி வழியாக வருகிறது.

ஒரு ட்ரான்ஸ்பாண்டரில் எடுத்ததும் இன்னொன்றில் எடுத்ததும் வேறாக இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். சேனல் மாறும்போதெல்லாம் நேரம் எடுக்கவிட்டால் கடிகாரம் முன்னும் பின்னும் குதிக்கும், பின்னால் குதித்தால் க்ரான் சில வேலைகளை இரண்டு தடவை செய்யக்கூடும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்தாமல் இருப்பது உத்தமம். நான் விடியற்காலை நாலு மணிக்கு வைத்திருக்கிறேன், பாட்டு தொடங்க நிறைய நேரம் இருக்கிறது. பதிவை நிகழ்ச்சி நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் தொடங்கவும் சொல்லியிருக்கிறேன். இப்போது மாமிக்குப் பல்லவி கிடைக்கிறது, அதற்கு முன்னால் ஒரு சோப்பு விளம்பரமும்.